சார்ஜே இறங்காத போன்

1

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்று என் கண்கள் மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன். (ஒரு கண்ணில் புரை. ஆணை மற்றதன் மேல்.) கதை கிடைத்தது சலூனில். பக்கத்து நாற்காலிக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் எனக்குத் தலை அலசினார்கள், காதில் தண்ணீர். அந்தப் பாதியை மட்டும் நானே எழுத வேண்டியதாயிற்று. அதுவும் உண்மைதான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘தொழில்நுட்பம் மனித வாழ்வை அசுர வேகத்தில்’

வேண்டாம். கட்டுரைப் போட்டியில் ஆறுதல் பரிசு வாங்குகிற வாக்கியம். நேராக ஆளுக்கு வருவோம்.

2

அவருக்குத் தராசு என்று பட்டப்பெயர். உள்ளூர் வார இதழில் புதுப் பொருட்களை எடைபோட்டு எழுதுகிறவர். மிக்சி, குடை, மெத்தை, எதுவானாலும் அவர் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அந்தத் தெரு வாங்கும். இந்தத் தடவை வழக்கு வீட்டுக்குள்ளிருந்தே வந்தது.

வெளியூரில் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. மனைவியின் போன் தீப்பெட்டி அளவு, அதில் பேரனின் முகம் பட்டாணி அளவு. சம்பந்தியம்மாவிடமோ உச்ச விலைப் போன். அதில் உற்றுப் பார்த்துவிட்டு, குழந்தைக்குத் தங்கள் குடும்பத்து மூக்கு என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார்.

“எங்கப்பா மூக்க அவங்க தூக்கிட்டுப் போறாங்க, நீங்க பாத்துட்டு நிக்கிறீங்க,” என்றாள் மனைவி. “ஞாயித்துக்கிழமை மக வீடியோல வருவா. அதுக்குள்ள எனக்குப் பெரிய திரை வேணும்.”

சம்பந்தியம்மாவின் போனைத் தராசு கனவில்கூட வாங்க முடியாது. ஆனால் அதே அகலத் திரையோடு, நம்மைப் போன்றவர்கள் கைக்கு எட்டும் விலையில் ஒன்று புதிதாக வந்திருந்தது. தேறுமா என்று பார்க்கக் கடைக்குப் போனார். கூட்டத்துக்கு நடுவிலிருந்து கடைக்காரர், ஷோகேஸில் இருப்பதை எடுத்துப் பார்க்கச் சொன்னார். தராசு எடுத்தார், பார்த்தார், விமர்சனத்துக்குத்தான் கொடுக்கிறார் என்று பைக்குள் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

[இங்கே அவருடைய முறையைச் சொல்லாவிட்டால் கதை நிற்காது. எந்தப் பொருளையும் முதல் வாரம் இயக்க மாட்டார். பக்கத்தில் வைத்துக் குணம் பார்ப்பார். மெத்தையைக்கூட ஒரு வாரம் சுவரில் சாய்த்து வைத்து, தரையில் படுத்துத்தான் விமர்சனம் எழுதினார்.]

3

ஞாயிறு காலை இதழ் வந்தது. தராசு எழுதியிருந்தார்: ‘வெயிலில் வைத்தேன், சூடேறவில்லை. திரை ஒரு தடவைகூட அணையவில்லை. வாரம் முழுக்கச் சார்ஜ் போடவில்லை, நூறிலிருந்து ஒரு புள்ளி இறங்கவில்லை. விலை உயர்ந்த போன்கள் இதனிடம் பாடம் படிக்கலாம். ஒரே குறை, கடிகாரம் பத்து மணி எட்டு நிமிடத்தை விட்டு நகரத் தயங்குகிறது.’

(ஒரு மனிதரை இவ்வளவு வெகுளியாக்கலாமா என்று இந்த இடத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. பொய்யாக இருந்தால் நம்பும்படி எழுதியிருப்பேன். உண்மையாகப் போய்விட்டது, என்ன செய்ய?)

மத்தியானம் சிம் போட இடம் தேடினார். நான்கு பக்கமும் தடவிப் பார்த்தார். துளையே இல்லை. நகத்தால் ஓரத்தை நெம்பியதும் திரையின் மூலை உரிந்து வந்தது. காகிதம். கடையில் காட்சிக்கு வைக்கிற டம்மி. தராசு எச்சில் தொட்டு மூலையை ஒட்டவும் மனைவி மூக்குக்கண்ணாடியோடு வரவும் சரியாக இருந்தது.

திரையில் விளம்பரத்துக்காக அச்சடித்திருந்தது, கொழுகொழுவென்று யார் வீட்டுக் குழந்தையோ. அவள் அதைத் தள்ளி வைத்துப் பார்த்தாள், கிட்டே வைத்துப் பார்த்தாள். முகம் மலர்ந்துபோயிற்று.

“அச்சு அசல் எங்கப்பா. சம்பந்தி வீட்டு மூக்காமே, மூக்கு.” கொஞ்ச நேரம் கழித்து, “ஏங்க, ஏன் ஆடாம அசையாம இருக்கான்?”

தராசு தீர்ப்புச் சொன்னார். “நெட் கொஞ்சம் ஸ்லோ.”

4

இனி முடிவு. ‘அவர் உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்து’

நடக்காது. சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வந்த அன்றும், தையலைச் சோதிக்கிறேன் என்றவர் அவர்.

கடைக்கு ஓடி நிஜப் போனை வாங்கிவரச் செய்யலாம். அதில் நிஜ மூக்கு தெரியும். அது சம்பந்தி வீட்டு மூக்காக இருந்துவிட்டால்? அவருக்கு நாளைக்குச் சாப்பாடு போடப்போவது நானா?

இதற்குள் அவள் இடுப்பில் செருகியிருந்த பழைய போன் அடித்துவிட்டது. மகள்தான். ஒரு கையில் பட்டாணி, மறு கையில் கொழுகொழு. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள்.

“புள்ள இங்க இருக்கான். அப்ப இதுல அழறது யாரு?”

தராசு என்னைப் பார்க்கிறார். நான் உங்களைப் பார்க்கிறேன். சலூனில் இந்த இடத்தில்தான் என் தலையை அலசினார்கள். நீங்களே ஏதாவது சொல்லிச் சமாளியுங்கள்.

ஒரு தகவல் மட்டும் என்னால் தர முடியும். இந்தக் கதை முழுவதையும் நான் தட்டச்சு செய்தது அதே போனில்தான். சார்ஜ் இன்னும் நூறு.