வளைவில் இறங்குகிறவர்கள்

ஏழாம் நம்பர் டிராமின் தலையெழுத்து அன்று காலை தெரிந்துவிடும். மேட்டின் உச்சியில், கடைசி நிறுத்தத்தில், ஓர் அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எட்டு மணி வண்டியில் முப்பது பேராவது அங்கே வந்து இறங்கினால் தடம் பிழைக்கும். இல்லையென்றால் மாதக் கடைசியோடு மூட்டை கட்டிவிடுவார்கள்.

டிரைவருக்குத் தன்னைப் பற்றிக் கவலையில்லை. வேலை போனால் போகட்டும், டிப்போவைக் கூட்டிப் பெருக்கியாவது பிழைத்துக்கொள்வார். முதல் சீட்டில் உட்கார்ந்திருந்த மனைவியை நினைத்துத்தான் பயம். வாரம் மூன்று நாள் அவளுக்கு டயாலிசிஸ். ஆஸ்பத்திரி இருப்பது அந்த உச்சியில்தான். அந்தச் செங்குத்துத் தெருவில் பஸ் ஏறாது. அவளால் நாலு படிகூட ஏற முடியாது.

வண்டியில் அவளோடு நாற்பத்தொரு பேர். ஆனால் இந்தத் தடத்து ஜனங்கள் யாரும் கடைசிவரை வருவதில்லை. அதற்கு முந்தைய வளைவிலேயே குதித்து, சந்து வழியாக மில்லுக்கு ஓடிவிடுவார்கள். அங்கே வண்டி ஊர்ந்து போகத் தேவையே இல்லை. பாவம், அவர்களுக்கு நேரமாகுமே என்று, குதிக்க வசதியாக மெதுவாக ஓட்டிப் பழக்கிவிட்ட புண்ணியவான் இந்த டிரைவர்தான். நல்லது செய்யப்போய் வினையை விலைக்கு வாங்கியிருந்தார்.

"இன்னிக்கு ஒருநாள் யாரும் வளைவுல குதிக்காதீங்க, உங்க கால்ல விழறேன்!" என்று கண்டக்டர் தொண்டை கிழியக் கத்தினான்.

"சரிப்பா, உயிரை வாங்காதே!" என்றது கூட்டம்.

வளைவு வந்தது. டிரைவரின் கண் தண்டவாளத்தில், மனசு மனைவியிடம். பத்தொன்பது வருஷத்துக் கை, அவரைக் கேட்காமலே பிரேக்கைத் திருகியது. வண்டி ஊர்ந்தது. ஜனங்களின் கால்களும் யாரையும் கேட்கவில்லை. பொத்துப் பொத்தென்று குதித்தார்கள்.

"ஐயோ, இறங்காதீங்கய்யா!" என்று அவர் அலறியபோது நாற்பது பேரும் சந்துக்குள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் திரும்பிப் பார்த்து வாயில் கை வைத்தாள்.

உச்சியில் மனைவியைக் கைத்தாங்கலாக இறக்கினார்.

"ஒருத்தர்" என்று பேனாவை எடுத்த அதிகாரி, அவள் கையிலிருந்த பாஸைப் பார்த்தார். "ஸ்டாஃப் குடும்பமா? இதை எண்ணக் கூடாதும்மா."

"சார், தினமும் நாப்பது பேர் வர்றாங்க சார். என் கைதான் கெடுத்துச்சு. இன்னும் ஒரே ஒரு நடை பாருங்க!"

"ஒரு நடைதான்னு உத்தரவு. நான் என்ன பண்ண?"

பூஜ்யம் போட்டார்.

டிரைவர் தன் வலக்கையைக் கம்பத்தில் ஓங்கி ஓங்கி அடித்தார். மனைவி எட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உடைச்சுக்காதீங்க. மாசக் கடைசிக்குள்ள இன்னும் ஆறு தடவை என்னைக் கூட்டிட்டு வரணும்."