குப்புறப் படுத்த பத்து நாட்கள்

அச்சகத்தில் அவளைப் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். மருந்துப் பெட்டிகளில் ஒட்டும் தாள்களைப் பிழை பார்ப்பது அவள் வேலை. இருபத்தாறு வருடத்தில் ஒரு புள்ளிகூட அவளைத் தாண்டிப் போனதில்லை. வீட்டிலும் அதே கறார்தான். காலை நாலரைக்கு எழுவாள். வேதத்தில் நான்கு அதிகாரம், முழங்காலில் ஒரு மணி நேரம், ஜெபக் குறிப்பேட்டில் அறுபத்திரண்டு பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு டிக். வெள்ளிக்கிழமை உபவாசம். கடவுளும் சிவப்புப் பேனாவோடுதான் தன்னை வாசிக்கிறார் என்று உள்ளூர நம்பியிருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை வலது கண்ணின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் திரை ஒன்று இறங்கியது. விழித்திரை கழன்றுவிட்டது என்றார் கண் டாக்டர். மறுநாளே அறுவை சிகிச்சை நடந்தது.

"கண்ணுக்குள்ள ஒரு காத்துக் குமிழி வச்சிருக்கோம்மா. அது மேல எழும்பி விழித்திரைய அழுத்திப் பிடிச்சுக்கும். பத்து நாள் குப்புறப் படுத்திருங்க. மத்ததெல்லாம் அது பாத்துக்கும்."

"நான் என்ன பண்ணணும் டாக்டர்?"

"ஒண்ணுமே பண்ணக் கூடாது. அதான் பண்ணணும்."

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பார்த்துக்கொள்ளத் தங்கைதான் வந்தாள். முடிதிருத்தும் நிலையத்தில் வேலை செய்பவள். கணவனைப் பிரிந்த பிறகு, ஆறு வருடமாக ஆலயப் படியை மிதிக்காதவள்.

கட்டிலின் விளிம்பில் நெற்றியைத் தாங்க ஒரு வளையத் தலையணை. அதன் நடுவே தெரிந்த தரைதான் இனி அவள் உலகம். நல்ல கண்ணுக்குத் தரை ஓடுகள் தெரிந்தன. மற்ற கண்ணின் கட்டைப் பிரித்ததும் அதில் வெளிச்சம் மட்டும் ஆடியது, குளத்தின் அடியிலிருந்து வானத்தைப் பார்ப்பதுபோல. நேரம் போவது தெரியவில்லை. மின்விசிறியின் சத்தம் சில சமயம் மழையாகக் கேட்டது, சில சமயம் யாரோ நெடுந்தூரத்தில் புத்தகம் புரட்டுவதாக.

ஜெபம் பண்ணப் பார்த்தாள். பெயர்களை வரிசையாகச் சொன்னால் ஒன்பதாவது பெயரிலேயே தூக்கம் சொக்கியது. விழித்ததும் பதறிப்போய் மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் யாரோ நீட்டிய பிஸ்கட்டை மறதியாகத் தின்றுவிட்டாள். அதற்குத்தான் இந்தக் கண் போயிற்று என்று நினைத்தாள்.

நான்காம் நாள் தங்கையைக் கேட்டாள்: "அந்தக் குறிப்பேட்ட எடுத்துப் பேரெல்லாம் வாசியேன். நான் கேட்டுக்கிட்டே ஜெபிக்கிறேன்."

தங்கை வாசித்தாள். பதினேழாவது பெயரில் குரல் நின்றது.

"இது நானா?"

தங்கை அந்த வரியை உரக்க வாசித்தாள்.

"'தங்கை, மனம் திரும்ப.' ஆறு வருஷமா தினமும் டிக் போட்டிருக்க. ஒரு நாளாவது எனக்குப் போன் பண்ணியிருக்கியாக்கா?"

அக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு பாதங்கள்தான். நாள் முழுக்க நின்று நின்று வெடித்த குதிகால்கள். இத்தனை அருகில் அவற்றை அவள் பார்த்ததே இல்லை. கண்ணீர் கன்னத்தில் வழியாமல் நேராகத் தரையில் சொட்டியது. பாதங்கள் திரும்பின. பிறகு சமையலறைப் பக்கம் போயின.

கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுவாள் என்று நினைத்தாள். மறுநாள் காலையில் வெந்நீர் வாளியின் சத்தம் கேட்டது.

"தலை நாறுது. டாக்டர்கிட்ட கேட்டுட்டேன், கண்ல படாம அலசலாமாம். குனிஞ்சே இரு."

கைதேர்ந்த விரல்கள் பின்னந்தலையில் இறங்கின. வெதுவெதுப்பான நீர் காதோரமாக வழிந்து போனது.

"மன்னிச்சிடும்மா," என்றாள் அக்கா.

"தலைய ஆட்டாத. தண்ணி கண்ல போயிடும்."

அன்று மதியம் ஜெபத்தைத் தொடங்காமலேயே தூங்கிப்போனாள். கனவில் அவளே ஓர் அச்சுத் தாளாக ஒரு மேசைமேல் கிடந்தாள். உடம்பெல்லாம் எழுத்து, எங்கே பார்த்தாலும் பிழை. யாரோ விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். சிவப்பு மை விழப்போகிறது என்று அவள் காத்திருந்தாள். விரல் நிதானமாகக் கடைசி வரிவரைக்கும் போனது. பிறகு, தூர தேசத்துப் பிள்ளையின் கடிதத்தை வாசிக்கிற தகப்பனைப்போல, அவர் மறுபடி முதல் வரிக்கே வந்தார்.

விழித்தபோது தலையணை நனைந்திருந்தது. பதற்றம் இல்லை. "ஆண்டவரே" என்றாள். அதற்குமேல் எதுவும் சொல்லத் தோன்றவில்லை. அப்படியே கிடந்தாள்.

பத்தாம் நாள் டாக்டர் நிமிரச் சொன்னார். குமிழி கரையக் கரையப் பார்வை திரும்பியது, முழுதாக இல்லை. நேர்கோடுகள் அந்தக் கண்ணுக்கு லேசாக வளைந்தே தெரிந்தன. தங்கை ஆலயத்துக்கு வரவில்லை, இவளும் வற்புறுத்தவில்லை. தங்கைக்கு விடுமுறையான திங்கட்கிழமைகளில் இவள்தான் வேலை முடிந்து அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போனாள்.

இரண்டு மாதம் கழித்து ஆலயத்துப் பெண்கள் சங்கக் கூடுகையில், ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்ல அவளைக் கூப்பிட்டார்கள்.

"சகோதரியோட ஜெப வாழ்க்கைக்குக் கிடைச்ச பலன் இது," என்று சங்கத் தலைவி அறிமுகப்படுத்தினார்.

அவள் எழுந்து நின்றாள். "இல்லங்க. அந்தப் பத்து நாளும் எனக்கு ஜெபமே வரல. உபவாசமும் இல்ல, மூணு வேளையும் தங்கச்சி ஊட்டிவிட்டா. மீதி நேரம் தூங்கினேன். ஆனாலும் ஆண்டவர் என்னை விட்டு ஒரு அடி நகரல. சொல்ல இவ்வளவுதான் இருக்கு."

யாரோ இருமினார்கள். தலைவி அவசரமாகப் பாட்டு எண்ணை அறிவித்தார்.

கடைசி பெஞ்சில் கைக்குழந்தையோடு இருந்த ஓர் இளம் தாய், கூடுகை முடிந்ததும் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"நிஜமாவே தூங்கினீங்களாக்கா?"

"குறட்டையே விட்டேனாம்."

சிரிக்கத் தொடங்கிய அந்தப் பெண்ணின் உதடு கோணியது. "குழந்தை பிறந்ததுலேருந்து நான் வேதத்தத் திறக்கவே இல்ல. யார்கிட்டயும் சொல்லல."

அக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"பாப்பாவ இப்படிக் குடு. நீ கொஞ்ச நேரம் சாஞ்சுக்கோ."