தோற்பதற்கென்று போட்ட திட்டம்

“ஒரே வழியோட வந்தா யோசிக்கலைன்னு அர்த்தம். மூணு கொண்டாங்க, தர்மராஜ்” என்றார் அதிகாரி சவரிராயன்.

திருவெறும்பூர்ப் பக்கம் புதிதாக எழுந்த ஒரு தொழிற்சாலைக்கு, துளையிட்ட அட்டைகளைப் படித்துக் கணக்கெடுக்கும் இயந்திரம் வந்திருந்தது. தொழிலாளர் வருகையை இனி அதுதான் கணக்கிட வேண்டும். எந்த அட்டையை முதலில் படிப்பது, எதை எதோடு ஒப்பிடுவது என்று வகுப்பது தர்மராஜின் வேலை.

அவரிடம் ஏற்கெனவே ஒரு திட்டம் இருந்தது. ஒருவர் உள்ளே வந்த அட்டையையும், அதே தேதியில் அதன்பின் வெளியே போன அட்டையையும் ஜோடி சேர்ப்பது. தூக்கம் கெட்டு வகுத்தது. மற்ற இரண்டையும் ஒரு டீ ஆறுவதற்குள், தோற்பதற்கென்றே எழுதினார். அதில் ஒன்று, பிரிவுவாரியாக உள்ளே வந்தவர்களை மட்டும் எண்ணுவது. மாத நடுவில் பிரிவு மாறியவருக்குப் புதிய பிரிவின் கணக்கில் பாதி வருகைதான் விழும். அந்தக் குறையை அவர் எழுதவில்லை. அதிகாரியே பார்த்துத் தள்ளிவிடுவார் என்று விட்டுவிட்டார்.

சவரிராயன் அந்தப் பிரிவுவாரித் திட்டத்திலேயே கையெழுத்துப் போட்டார். “மெஷினுக்குப் பாதி நேரம்தான் ஆகுது. இதான் சரி.”

அட்டைகளில் துளையிடும் ரங்கநாயகிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “நம்ம பொண்ணு எடுப்பாத் தெரியணும்னு பக்கத்துல ரெண்டு பேரை உட்கார வச்சீங்க. மாப்பிள்ளை பக்கத்துப் பொண்ணைக் கேட்டுட்டார்!”

“சும்மா இருங்கம்மா.”

“பிச்சமுத்துவை நினைச்சீங்களா சார்?” அவள் சிரிப்பு நின்றுவிட்டது. “போன வாரம்தான் வார்ப்படப் பிரிவுலேர்ந்து லேத் பிரிவுக்கு மாத்தினாங்க. இந்த மாச வருகையை வச்சுத்தான் வேலை நிரந்தரம்.”

ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில் தர்மராஜுக்கு உட்கார இடம் கிடைத்தது, மனம்தான் உட்காரவில்லை. காவிரிப் பாலத்தில் ஒன்று தோன்றியது. பிரிவு மாறுகிறவருக்குப் பழைய பிரிவின் வருகையைக் குறித்து ஒரு கூடுதல் அட்டை போட்டால் அந்தக் குறை தீர்ந்துவிடும். அப்படித் திருத்தினால் தன் திட்டத்தைவிட அது மேல். இதை ஏன் முன்பே யோசிக்கவில்லை?

காலையில் அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

“தெரிஞ்சே மறைச்சீங்களா?”

“ஆமா சார்.”

“இந்த மாசம் எல்லாருக்கும் கையாலயே எழுதிடுங்க. சரி, உங்களுக்குப் பிடிச்ச திட்டத்துல என்ன குறை?”

“ஒண்ணும் இல்ல சார்.”

“தேடினீங்களா?”

தர்மராஜ் தாள்களை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

இரவு ஷிஃப்ட் முடிந்து வாசலில் வரிசையாக ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பிச்சமுத்து சாப்பாட்டுத் தூக்கை ஆட்டியபடி, “என்ன சார், இவ்வளவு சீக்கிரம்?” என்றான்.

நேற்று இரவு உள்ளே வந்தவன். வெளியே போவது இன்று. இரண்டு அட்டைகளிலும் வேறு வேறு தேதி. எதற்கும் ஜோடி சேராது. தன் திட்டத்தில் இவன் ஒரு நாளும் வேலைக்கு வந்திருக்க மாட்டான்.

“போயிட்டு வரேன் சார்” என்றான் பிச்சமுத்து.