மூடி இல்லாத ஏர்பாக்ஸ்

மார்ச் 11, செவ்வாய்

இன்று ஒரு தவறு செய்தேன். சிறியதுதான், ஆனால் நாலு பேர் முன்னால் நடந்தது. புது ஏர் ஃபில்டரின் பஞ்சை எண்ணெயில் நனைத்த பிறகு, ஒரு சொட்டுகூடச் சொட்டாத அளவுக்குப் பிழிய வேண்டும். வகுப்பு நோட்டில் நானே இதை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். பிழிந்தேன், ஆனால் போதவில்லை.

வண்டி அக்கா வீட்டுக்காரருடையது. மணல் திடலில் ஓட்டும் நாலு சக்கர ரேஸ் வண்டி. அதற்குப் பெரிய ஃபில்டரும் அகலமான காற்றுக் குழாயும் மாட்டுவதுதான் மாலை மெக்கானிக் வகுப்பில் எனக்கு வந்த செய்முறை வேலை. முடித்ததும் வண்டிக்காரர் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். சனிக்கிழமை வகுப்பில் அந்தத் தாளைக் கொடுத்தால்தான் தேர்வில் உட்கார விடுவார்கள். விட்டால் அடுத்த தேர்வு ஒரு வருடம் கழித்து. அதுவரை பகல் முழுக்க அச்சகத்தில் தாள் அடுக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

காற்று அதிகமாகப் போனால் பெட்ரோலும் அதிகமாகப் போக வேண்டும். அதனால் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டையும் ஒரு அளவு பெரியதாகப் போட்டிருந்தேன். மாமா ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து, கட்டைவிரலால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார். வண்டி இரண்டு முறை இருமியது. கரும்புகை விட்டு நின்றது.

அவருடைய சிநேகிதர்கள் மூன்று பேர் ஷெட் வாசலில் நின்றிருந்தார்கள். அதில் குள்ளமானவர், எல்லோரும் 'ஹாரன்' என்று கூப்பிடுகிறவர், முதலில் சிரித்தார்.

"என்ன மச்சான், வண்டிக்குச் சளி பிடிச்சிருக்கா?"

"நைட் ஸ்கூல் டாக்டரம்மா பாத்த வைத்தியம்டா. நோயாளி பொழைச்சா அதிசயம்," என்றார் மாமா. அவர் சிரிக்கவில்லை.

பஞ்சைக் கழற்றி மறுபடியும் பிழிந்தேன். கோபத்தில் துணி பிழிவது மாதிரி ஒரு முறுக்கு முறுக்கினேன். எண்ணெய் நூல் மாதிரி வழிந்தது. மாட்டியதும் வண்டி ஒழுங்காக ஓடியது. ஹாரன் போகும்போது தன் பைக்கை உதைத்து, இருமுகிற மாதிரி சத்தம் எழுப்பிவிட்டுப் போனார்.

மார்ச் 12, புதன்

அச்சகத்திலிருந்து நேராக ஷெட்டுக்குப் போனேன். சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஃபில்டர் உட்காரும் ஏர்பாக்ஸுக்கு மூடி இல்லை. அது அலமாரி மேல் பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில் கிடந்தது. பஞ்சு வெளுத்து, காய்ந்து, தொட்டால் மொறமொறவென்று இருந்தது. பழைய சின்ன ஜெட் திரும்பவும் கார்புரேட்டருக்குள் போயிருந்தது. நான் போட்டது பெஞ்சின் மேல் ஒரு மூலையில் இருந்தது.

மாமா வாசலில் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, பஞ்சு காஞ்சு கெடக்கு."

"பெட்ரோல்ல கழுவினேன். பிசுபிசுன்னு இருந்துச்சு. நீ எண்ணெய்ய ஊத்தி வச்சா காத்து எப்படிப் போகும்?"

"அந்தப் பிசுபிசுப்புலதான் தூசி ஒட்டும். இல்லேன்னா நேரா இன்ஜினுக்குள்ள போயிடும்."

"ஞாயித்துக்கிழமை ரேஸ் பத்து நிமிஷம். பத்து நிமிஷத்துல எவ்ளோ தூசி போகும்? ஒரு ஸ்பூனா?"

"மூடிய எடுத்துட்டு சின்ன ஜெட் போட்டா காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி. சூடு ஏறும். பிஸ்டன் உருகிடும் மாமா."

அவர் பம்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "உங்க அக்காவ கட்டினப்போ நீ ரெட்டைச் சடை போட்டுட்டு என் பைக்குல ஸ்டிக்கர் ஒட்டிட்டு இருந்தே. இன்னிக்கு எனக்கு பிஸ்டன் பாடம் எடுக்கிறியா? அந்தப் பெரிய ஜெட்டுலதான நேத்து மூச்சுத் திணறிச்சு. நான் பத்து வருஷமா ஓட்டறேன். எனக்குத் தெரியும்."

நேற்று வண்டியைத் திணறடித்தது ஜெட் அல்ல, நான் பிழியாத எண்ணெய். அதை உடனே சொல்லியிருக்க வேண்டும். நேற்றே ஒத்துக்கொண்டிருந்தால் அவர் ஜெட்டைத் தொட்டிருக்க மாட்டாரோ என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன்.

மார்ச் 13, வியாழன்

அவர் நேற்று அரை மணி நேரம் திடலில் ஓட்டியிருக்கிறார் என்று அக்கா சொன்னாள். அவர் கடையில் இருக்கும்போது ஷெட்டைத் திறந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். முனையில் இருக்கும் பீங்கான் பால்கோப்பை மாதிரி வெள்ளையாக இருந்தது. வெளிர் பழுப்பாக இருக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன், பல்பு வெளிச்சத்தில் பார்த்தேன், வெள்ளைத் தாளின் மேல் வைத்தும் பார்த்தேன். மூன்றிலும் வெள்ளைதான்.

அடுத்து, சுத்தமான துணியை விரலில் சுற்றி, ஃபில்டருக்கு உள்பக்கம் இருக்கும் ரப்பர் குழாயைத் துடைத்தேன். அங்கே தூசியே இருக்கக் கூடாது. துணியில் காப்பிப்பொடி நிறத்தில் ஒரு கோடு விழுந்தது. குழாயின் மேல்பக்கம் குறைவு, கீழே அதிகம், இடது ஓரத்தில் மிக அதிகம். பஞ்சைத் திருப்பிப் பார்த்தேன். இடது ஓரத்தில், பசை போட்டு ஒட்டியிருந்த இடம் ஒரு விரற்கடை நீளத்துக்குப் பிரிந்திருந்தது.

பெட்ரோல் பசையைக் கரைக்கும். அது நோட்டில் இருக்கிறது. ஆனால் பஞ்சை முறுக்கினாலும் ஒட்டுப் பிரியும் என்பதும் அதே பக்கத்தில், இரண்டு வரி கீழே இருக்கிறது. செவ்வாய்க்கிழமை நான் முறுக்கினேன்.

பிரித்தது அவரா, நானா? ஒரு மணி நேரம் பார்த்தும் தெரியவில்லை. தெரியவும் வாய்ப்பில்லை.

மாமா வந்ததும் பிளக்கையும் துணியையும் காட்டினேன்.

"வெள்ளையா இருந்தா சுத்தமா எரியுதுன்னு அர்த்தம்," என்றார்.

"இல்ல மாமா, பெட்ரோல் பத்தலன்னு அர்த்தம்."

"சரி. அந்தத் துணி?"

"தூசி உள்ள போகுது."

துணியை வாங்கி முகர்ந்தார். "உன் எண்ணெய் வாடைதான் அடிக்குது." அதைத் தன் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். எனக்கு ஏன் என்று புரியவில்லை. நாளைக்கு நான் யாரிடமும் காட்டக் கூடாது என்பதற்காக இருக்கலாம்.

"நாளைக்குச் சாயங்காலம் தாளக் கொண்டா. வண்டி இப்ப இருக்கிற மாதிரியே இருக்கணும். மூடி கெடையாது, எண்ணெய் கெடையாது, சின்ன ஜெட். அப்படியே விட்டா கையெழுத்து. எதையாவது தொட்டேன்னா ஒண்ணும் கெடையாது."

மார்ச் 14, வெள்ளி

அக்கா காலையிலேயே போன் செய்தாள்.

"அவரு வண்டிடி. அவரு உருக்கினா அவரு பிஸ்டன். உனக்கு என்ன வந்துச்சு? வாங்கிட்டுப் போயேன்."

"தாள்ல நானும் கையெழுத்துப் போடணும்கா. 'இந்த நிலையில் வண்டியை ஓட்டலாம்'னு அச்சடிச்சிருக்கு. அதுக்குக் கீழ."

"அச்சடிச்சதையெல்லாம் யாரு படிக்கிறா? நீ அச்சகத்துல வேலை பாக்கறவ, உனக்கே தெரியும்."

அவள் என்னைச் சிரிக்க வைக்கத்தான் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முழு வேகத்தில் போகும்போது பிஸ்டன் உருகி இன்ஜின் இறுகினால் பின்சக்கரம் இரண்டும் அப்படியே நிற்கும், வண்டி உருண்டுவிடும். அதை அவளிடம் சொன்னேன். "அவருகிட்ட இப்படியெல்லாம் பேசாத, இன்னும் முறுக்குவாரு" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தாளை நிரப்பினேன். இரண்டு பிரதிகள் கெட்டுப்போயின. மூன்றாவதில் எழுதியது இது: பிளக் வெள்ளை. குழாயில் தூசி. மூடி அகற்றப்பட்டுள்ளது, ஜெட் போதவில்லை. பஞ்சின் ஒட்டு பிரிந்துள்ளது. பெட்ரோலில் கழுவியதாலோ, நான் முறுக்கிப் பிழிந்ததாலோ இருக்கலாம். முதல் நாள் வண்டி திணறியதற்குக் காரணம் நான் எண்ணெயைச் சரியாகப் பிழியாதது. இந்த நிலையில் வண்டியை ஓட்டக் கூடாது.

'நான் முறுக்கிப் பிழிந்ததாலோ' என்பதை ஒருமுறை அடித்தேன். பிறகு மறுபடி எழுதினேன். அதை விட்டால் தாளில் மற்றதையும் நம்ப எனக்கே மனம் வராது.

மாலை ஷெட்டில் ஹாரனும் இருந்தார். மாமா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு தாளை வாங்கினார். நின்றபடியே படித்தார். நடுவில் நிறுத்தி, அந்த வரியை ஹாரனுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார்.

"கேட்டியா? அவளே எழுதிக் குடுத்திருக்கா. ஃபில்டரக் கிழிச்சது அவ."

"கிழிச்சேன்னு எழுதல. இருக்கலாம்னுதான் எழுதியிருக்கேன். அதுக்கு முன்னால பெட்ரோல்னு இருக்கு, அதையும் படிங்க."

"மூணு நாளா எனக்குப் பாடம் எடுத்தே. ஒரு பஞ்சப் பிழியத் தெரியல!"

"தெரியல. அதத்தான் எழுதியிருக்கேன். ஆனா பிளக் வெள்ளையா இருக்கிறது என் கையால இல்ல."

ஹாரன் முதல் முறையாகச் சிரிக்காமல், "அப்ப ஞாயித்துக்கிழமை எடுத்துட்டுப் போலாமா கூடாதா?" என்று கேட்டார். மாமாவின் காது சிவந்தது. பேனாவை மூடினார். தாளை நாலாக மடித்து என் பைக்குள் அவரே செருகினார்.

"உன் கை பட்ட எதுவும் என் வண்டியில இருக்கக் கூடாது. ஃபில்டர், குழாய், எல்லாத்தையும் கழட்டிக்கிட்டுப் போ. கம்பெனியில இருந்து வந்தப்போ எப்படி இருந்துச்சோ, நாளைக்குப் பத்து மணிக்குள்ள அப்படியே மாட்டிக் குடு. அதுக்கப்புறம் இந்த ஷெட் பக்கம் உன்னைப் பாக்கக் கூடாது."

"மூடியும் மாட்டணுமா?"

"எல்லாம்னா எல்லாம்தான். காது கேக்கலியா?"

கேட்டது. பழைய குழாய், பழைய பஞ்சு, மூடி: அதற்குச் சின்ன ஜெட் சரியான அளவு. ஞாயிற்றுக்கிழமை வண்டி கொஞ்சம் மெதுவாக ஓடும், உருகாது. இதை அவரிடம் சொல்லியிருந்தால் மூடியைத் திரும்ப எடுத்து அலமாரியில் வைத்திருப்பார். சொல்லவில்லை. அது சரியா என்று தெரியவில்லை.

கையெழுத்து இல்லாத தாள் பைக்குள் இருக்கிறது. இந்த வருடத் தேர்வு போனது.

நாளை காலை ஏழு மணிக்கு ஷெட். முதலில் குழாய்ப் பக்கம் இருக்கும் தூசி முழுவதையும் துடைக்க வேண்டும், மூன்று துணிகள் எடுத்துப் போக வேண்டும். பழைய பஞ்சில் எண்ணெய் போட்டு, முறுக்காமல் இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் அமுக்கிப் பிழிய வேண்டும். விளிம்பில் கிரீஸ். கடைசியாக மூடி, நாலு கிளிப்பும்.