பூச்சி என்று எழுதிய சத்தம்

மார்ச் 11, செவ்வாய். ஒரு சின்னத் தப்பு. வீடியோக் குறிப்பில் 'பின்னணிச் சத்தம்' என்ற கட்டத்தில் 'ஏதோ பூச்சி' என்று எழுதிவிட்டேன். தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதியிருக்கக் கூடாது. பூச்சி இல்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு அவள் பேனாவை மூடினாள். மறுபடி திறந்து, 'சின்ன' என்ற சொல்லை மட்டும் அடித்தாள்.

பகலில் அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வந்து இறங்கும் கண்ணாடிகளைச் சீட்டோடு ஒப்பிட்டு, பவர் சரிதானா என்று பார்த்து உறையில் போடுவாள். மற்றவர்கள் ஒரு தடவை பார்ப்பதை அவள் மூன்று தடவை பார்ப்பாள். அதற்கு மேலும் சந்தேகம் வந்தால் எழுதி வைப்பாள். உப்புப் போட்டியா என்று கேட்டால்கூட நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள் என்று அக்கா புருஷன் கேலி செய்வார். மாலை வகுப்பிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது: நோட்டு.

அது ஒரு வக்கீலம்மா நடத்திய வகுப்பு. போனில் எடுத்த வீடியோவை விசாரணையில் நிற்கும் சாட்சியாக்குவது எப்படி என்பதுதான் பாடம். மூலத்தைத் தொடக் கூடாது, நகலில்தான் வேலை. கண்டதை எழுதலாம், நினைத்ததை எழுதக் கூடாது. படித்தவர்கள் ஆறு பேர். ஏழாவதாக ஜன்னல் ஓரத்து நாற்காலியில் ஒரு தையல்காரி இருப்பாள். அவள் படிக்க வந்தவள் இல்லை, காத்திருக்க வந்தவள்.

அவள் புருஷன் தங்கள் தெரு வீடுகளை இடிக்க வந்த வண்டிக்கு முன்னால் போய் நின்றவன். ஏழு மாதத்துக்கு முன் ஒரு சாயங்காலம், எங்கோ வெளியே போன இடத்தில், நாலு பேர் அவனை ஒரு சாம்பல் நிற வேனுக்குள் தள்ளினார்கள். அப்படி யாரையும் பிடிக்கவே இல்லை என்றது காவல் நிலையம். யாரோ ஒரு மாடி ஜன்னலிலிருந்து எடுத்து, பெயர் சொல்லாமல் தையல்காரிக்கு அனுப்பிய நாற்பத்தெட்டு விநாடி வீடியோ ஒன்றுதான் மிச்சம். அது போன் போனாகச் சுற்றியது. எந்த ஊர்த் தெருவோ என்று அதிகாரிகள் கையை விரித்தார்கள். வியாழக்கிழமை, காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்கும் ஆணையத்தின் கடைசி அமர்வு. அதற்குள் இடத்தை நிரூபிக்காவிட்டால் வீடியோவைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

இடத்தைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு நோட்டுடையது. சாய்ந்த மின்கம்பம், விரிசல் விட்ட தண்ணீர்த் தொட்டி, பாதியில் சிக்கி நின்ற ஷட்டர். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு போன் வரைபடத்தில் இருநூறு தெருக்களுக்கு மேல் அலைந்தாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'இல்லை' என்று எழுதினாள்.

நாற்பத்தொன்றாம் விநாடி வரும்போது மட்டும் அவளுக்கு முதுகு கூசும். வேன் கதவைச் சாத்திய ஆள் நிமிர்ந்து பார்ப்பான். கைபேசியைப் பார்த்துவிட்டான் என்று சொல்ல முடியாது; ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது. சுட்டுவிரலைத் தூக்கி ஜன்னல்களை எண்ணத் தொடங்குவான். நிதானமாக, ஒவ்வொன்றாக. விரல் இந்தப் பக்கம் வந்து சேர்வதற்குள் படம் அறுந்துவிடும்.

செவ்வாய் மாலை வகுப்பறையில் சத்தத்துக்காக மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். டக். ஒரு மூச்சு விடும் இடைவெளி. டக். வீடியோ முடிந்தது, சத்தம் முடியவில்லை. ஹெட்போனைக் கழற்றினாள். அப்போதும் முடியவில்லை.

தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

போனில் விநாடி பார்த்து எண்ணினாள். வீடியோவில் பத்து விநாடிக்கு ஏழு. அறையிலும் ஏழு. மூன்று தடவை எண்ணினாள். பிறகு எழுந்து ஜன்னலுக்குப் போனாள். கட்டிடத்தின் அந்தப் பக்கத்து ஜன்னல்கள் எல்லாவற்றிலும் பழைய செய்தித்தாள் ஒட்டியிருக்கும்; வெயிலுக்காக என்று கட்டிடத்தைப் பார்த்துக்கொள்ளும் சாவியக்கா சொல்லியிருந்தாள். இவர்கள் வந்து போவதோ பின்பக்கச் சந்து வழியாக. ஓரத்தை நகத்தால் கீறி ஒரு கண்ணை வைத்தாள். கம்பம். தொட்டி. ஷட்டர். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. ஆனால் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சாவியக்கா என்பவள் அந்தக் கட்டிடத்தின் நாற்பது அறைகளுக்கும் சாவி வைத்திருப்பவள். படிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நோட்டு வந்து நின்ற விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"பேப்பரைக் கிழிச்சிட்டியா?"

"ஓரத்துல மட்டும்க்கா."

"ரெண்டு மாசமா அதுக்கு? நான் ரெண்டு நாள்னு நெனச்சேன்."

வகுப்புக்கு இடம் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, முதலாளியிடம் சொல்லி அந்த அறையை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். வீடியோவை எடுத்தவளும் அவள்தான். அன்றைக்கு அந்த அறை காலி; மின்விசிறியைப் போட்டுக்கொண்டு துடைத்துக்கொண்டிருந்தாள், சாவி அவளிடம் மட்டும் இருந்தது. அறையைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி. "வாயைத் திறந்து சொல்லத் தைரியம் வரல. அதான் ரூமைக் கொடுத்தேன்," என்றாள். துணியைப் பிழிந்தபடியே அடுத்ததைக் கேட்டாள். "சரி, அந்த ஃபேனைக் கழட்ட ஆளை வரச் சொன்னது யாரு?"

நோட்டு தன் வலது கையைப் பார்த்தாள்.

போன வாரம் கீழே, யாரும் புரட்டிப் பார்க்கக்கூடிய புகார்ப் புத்தகத்தில், தேதியும் மாடியும் போட்டு அழகாக எழுதியவள் அவள்தான்: மூன்றாம் மாடி, கடைசி அறை, மின்விசிறி டக் டக் என்று விடாமல் சத்தம். பூச்சி என்று எழுதியதும் அதே கை. நேற்று ஒருவன் வந்தான். கையில் ஒரு ஸ்க்ரூடிரைவர், ஏணி இல்லை. எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடி வெகுநேரம் கேட்டான். பிறகு மின்விசிறியைப் பார்க்காமல், தாள் ஒட்டிய ஜன்னலைப் பார்த்தான். புதன்கிழமை வந்து கழற்றிவிடுவதாகச் சொன்னான். நோட்டு அவனுக்கு நாற்காலி போட்டு நன்றியும் சொன்னாள்.

"ஆபீஸ்ல கேட்டேன்," என்றாள் சாவியக்கா. "அவங்க யாரையும் அனுப்பல."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்த நோட்டை அவள் பேச விடவில்லை. இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது, தெருவையும் அறையையும் எழுதிக்கொள் என்றாள். தன் பெயர் மட்டும் மூடிய உறையில் ஆணையத்தின் நீதிபதி கைக்குப் போக வேண்டும். இன்றைக்கே தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள். கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி நோட்டின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

வக்கீலம்மா ஆணையத்துக்குப் பேசினார். மறுநாள் காலை பத்து மணிக்கு ஆணையத்தின் எழுத்தர் நேரில் வந்து பார்த்துப் பதிவு செய்வார். அதுவரை அறையில் எதுவும் மாறக் கூடாது. தையல்காரியைக் கூப்பிட்டு ஜன்னல் ஓரத்தைக் காட்டினார்கள். அவள் குனிந்து ஒரு கண்ணால் நெடுநேரம் பார்த்தாள்.

"இதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டா ரெண்டு மாசம் உக்காந்திருந்தேன்," என்றாள். கண்ணை எடுக்காமலே, குரலைத் தாழ்த்தி, "கம்பத்துக்கிட்ட ஒரு ஆள் நிக்கிறான். நேத்து ஃபேன் பார்க்க வந்தவன் மாதிரி இருக்கு. விரலை நீட்டி எதையோ எண்ணிக்கிட்டிருக்கான்," என்றாள்.

நோட்டு விளக்கை அணைத்தாள். மின்விசிறியை அணைக்கக் கை போய், பாதியில் நின்றது. இருட்டில் அது டக், டக் என்றது. ஐந்து நிமிடம் பதிவு செய்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து, அடித்த சொல்லுக்குக் கீழே எழுதினாள்:

நாளை: கடைக்கு அரை நாள் லீவு சொல்ல வேண்டும். 'பூச்சி'யை அடித்தது தெரியும்படி விட்டு, பக்கத்தில் 'மின்விசிறி' என்று எழுத வேண்டும். காலை ஏழு மணிக்கு அறையைத் திறந்து உள்ளே தாழ் போட்டு, எழுத்தர் வரும்வரை மின்விசிறிக்குக் கீழேயே உட்கார்ந்திருக்க வேண்டும். யார் தட்டினாலும், முதலில் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.