எங்கள் வீட்டுக் கழுத்து

பாட்டிக்கு ஸ்வெட்டர் போட முடியவில்லை. கழுத்துக்குள் தலை நுழைய மறுத்தது. அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் இழுத்துப் பார்த்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டோம். மணி இரண்டே கால். மூன்று மணிக்கு வண்டி வந்துவிடும்.

"இதப் போட்டுத்தான் அனுப்பணும்." காலையிலிருந்து எட்டாவது தடவையாகச் சொன்னாள் அம்மா.

சாம்பல் நிற ஸ்வெட்டர். பாட்டிக்காக மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து அம்மா பின்னியது. இரண்டாவது கை முடிவதற்குள் பாட்டி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். உயிரோடு ஒருநாள்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் வீட்டுக் கழுத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாட்டி, அம்மா, சித்தி, நான், யார் பின்னினாலும் கழுத்து இறுக்கம்தான். போடும்போது காது மடங்கும், மூக்கு நசுங்கும். கல்யாணமான புதிதில் சித்தப்பா ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு, "என்னைப் பிடிக்கலன்னா வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே அத்தை" என்றாராம். பாட்டி சொல்லிக்கொடுத்த கணக்கு, மாற்றக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். பாட்டி சிரித்துக்கொண்டு பேசாமல் இருப்பாள். பழியெல்லாம் அவள் தலையில்தான்.

இரண்டு நாளாக எனக்கு அழுகை வரவில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடப்பது மாதிரி ஒவ்வொரு வேலையாகச் செய்துகொண்டிருந்தேன். துணிக்கடையில் ஆல்டரேஷன் பார்க்கிறவள் நான். பதினெட்டு வருஷமாக ஊரார் பேன்ட்டைப் பிடித்தும் விட்டும் கொடுக்கிற கை. பாட்டியின் முகத்தைப் பார்த்தபோதும் கத்தரிக்கோலை எங்கே வைத்தேன் என்றுதான் தோன்றியது.

"வெட்டித்தாம்மா ஆகணும்."

"இடது தோள்ல வெட்டு," என்றாள் உடனே. "திறப்பு அங்கதான் இருக்கணும். மூணு பட்டன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அம்மா ஸ்வெட்டரை மடியில் போட்டுத் தடவினாள். "பத்து வயசுல எனக்கு இவதான் கத்துக்கொடுத்தா. கடைசியா இடது தோள்ல மூணு பட்டன் வெச்சுத் திறப்பு விடணும், வா காட்டறேன்னு கூப்பிட்டா. தெரியும்னு புளுகிட்டு விளையாட ஓடிட்டேன். திறப்பே இல்லாம முடிச்சு அவளுக்கே கொடுத்தேன். காது செவக்கச் செவக்கப் போட்டுக்கிட்டா. நல்லா இருக்குடீன்னா."

"அப்புறம் கேக்கவே இல்லையா?"

"எப்படிடீ கேக்கறது? அதுக்கப்புறம் அவளும் திறப்பு விடறத நிறுத்திட்டா. சித்திக்கும் திறப்பில்லாமதான் சொல்லிக்கொடுத்தா."

"இதுலயாவது விட்டிருக்கலாமே?"

"விட்டா, இத்தன வருஷமும் நான் தெரிஞ்சேதான் விடலன்னு ஆயிடாதா?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஊசியில் நூலைக் கோத்தேன்.

பின்னலைச் சும்மா வெட்டினால் கண்ணி கண்ணியாகப் பிரிந்து போகும். தோளில் விரலகல இடைவெளி விட்டு இரண்டு வரிசை நெருக்கமாகத் தைத்தேன். நடுவில் கத்தரித்தேன். பிசிறை உள்ளே மடித்துத் தைத்து, ஓர் ஓரத்தில் பட்டன் மாட்ட நூலால் மூன்று காது வைத்தேன். ஒரே மாதிரி மூன்று பட்டன் டப்பாவில் இல்லை. அம்மா தான் போட்டிருந்த கடை ஸ்வெட்டரின் முன்பக்கத்திலிருந்து மூன்றைப் பல்லால் கடித்து எடுத்து, மறு ஓரத்தில் அவளே தைத்தாள்.

இந்தத் தடவை தலை சுலபமாகப் போனது. காது மடங்கவில்லை. கைகளை நான் நுழைத்தேன். அம்மா பட்டன்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். கழுத்துக்கும் பின்னலுக்கும் நடுவே இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள்.

"இப்ப இறுக்குதாம்மா?"

வாசலில் வண்டி வந்து நின்றது. சித்தி கூப்பிட்டாள். அம்மா விரலை எடுக்காமல், பாட்டியின் முகத்தையே பார்த்தபடி பதிலுக்குக் காத்திருந்தாள்.