வர்ணனைக்காரரின் கழுத்து

கால்பந்து வர்ணனைக்காரர் ஆட்டத்தின் உச்சத்தில் முழங்கிக்கொண்டிருந்தபோது, இடது கையிலிருந்த மைக் பொத்தென்று விழுந்தது. விரல்கள் மடங்கவே இல்லை. சற்று நேரத்தில் கை சரியாகிவிட, "வேர்வையில வழுக்கிடுச்சு" என்று சமாளித்தார். கூடவே உட்கார்ந்திருந்த மனைவி விடுவாளா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மனுஷன் என்று அவளுக்குத் தெரியாதா என்ன! அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள்.

"வலது கழுத்துல, மூளைக்குப் போற ரத்தக்குழாயில கொழுப்பு படிஞ்சு முக்கால்வாசிக்கு மேல அடைச்சிருக்கு" என்றார் அறுவை மருத்துவர் அம்மா. "மூளையோட வலது பாதிதான் இடது கையை இயக்குது. கை தளர்ந்தது எச்சரிக்கை. அடுத்து பக்கவாதமே வரலாம்."

"மாத்திரையில கரையாதா டாக்டரம்மா?"

"மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. ஆனா உங்களுக்கு அது மட்டும் போதாது. தொடை வழியா ஸ்டென்ட் கொண்டுபோய் அடைப்பை விரிக்கலாம். உங்க குழாய் ரொம்ப நெளிஞ்சு கிடக்கறதால அதுல ஆபத்து ஜாஸ்தி. திறந்து வழிச்சு எடுத்துடறதுதான் நல்லது."

"என் குரல்?"

"பக்கத்துலயே நரம்பு ஓடுது. சிலருக்குக் கொஞ்ச நாள் கம்மும். அபூர்வமா அப்படியே நின்னுடும்."

குரல் போனால் தன்னிடம் என்ன மிச்சம்?

"கம்மினா கம்மட்டும். எனக்கு ஆள் வேணும்" என்றாள் மனைவி. பேச்சு அதோடு முடிந்தது.

ஆபரேஷன் அன்று கழுத்தை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். மனுஷன் முழித்திருக்க வேண்டுமாம். இடது கையில், அமுக்கினால் கீச்சிடும் ரப்பர் வாத்து ஒன்றைத் திணித்தாள் நர்ஸ்.

"அமுக்கிக்கிட்டே பேசுங்க சார். ரெண்டும் நின்னா மூளைக்கு ரத்தம் பத்தலைன்னு அர்த்தம். உடனே ரத்தம் சுத்திப் போக மாற்றுக்குழாய் போடுவாங்க."

"பேசணுமா! கரும்பு தின்னக் கூலியா?"

ஆரம்பித்தார் பாருங்கள்! "இதோ டாக்டரம்மா கத்தியோடு களமிறங்குகிறார்! எதிரணியில் கொழுப்பு, அசையாமல் நிற்கிறது!" கீச்! கீச்! பச்சைத் துணிக்கு அந்தப்பக்கம் சிரிப்பை அடக்கமுடியாமல் தவித்தார்கள்.

"கவ்வி போட்டு ரத்தத்தை நிறுத்தறேன்" என்றார் டாக்டரம்மா.

அறை கப்சிப். வர்ணனையும் கப்சிப். வாத்தும் கப்சிப்.

"சார்! சார்!"

"மாற்றுக்குழாய் எடுங்க, சீக்கிரம்!"

"கோ...ல்!" கீச் கீச் கீச்!

"என்ன விளையாட்டு சார் இது? ஈரக்குலையே நடுங்கிடுச்சு!"

"மன்னிச்சுக்குங்க டாக்டரம்மா. பெனால்ட்டி அடிக்கறப்போ மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வாயை மூடறது தொழில் பழக்கம்."

"இங்க மூடாதீங்க!"

அதன்பின் நிறுத்த அவருக்கே பயம். பார்த்த ஆட்டம், பார்க்காத ஆட்டம் எல்லாம் தீர்ந்தது. கவ்வி இன்னும் எடுத்தபாடில்லை.

"நிறுத்தாதீங்க சார்" என்றாள் நர்ஸ்.

"என் பொண்டாட்டி இருக்காளே..." என்று தொடங்கினார். "ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வெந்நீரோட வந்து உக்காருவா. கால்பந்துன்னா அவளுக்கு வேப்பங்காய். ஊருக்கெல்லாம் தொண்டை கிழியப் பேசினேன், அவகிட்ட ரெண்டு நல்ல வார்த்தை பேசினதில்லை. அவ இல்லேன்னா நான் பூஜ்யம்மா." கீச். சொல்லச் சொல்லத் தாங்கமுடியாத சந்தோஷமாக இருந்தது. இன்னும் என்னென்னவோ சொன்னார்.

"எடுத்தாச்சு! ரத்தம் ஜம்முனு ஓடுது" என்றார் டாக்டரம்மா.

வார்டில் இடது கையை மடக்கிப் பார்த்தார். பிரமாதம்! வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. "நரம்பு கொஞ்சம் அதிர்ந்திருக்கு. பெரும்பாலும் சில வாரத்துல திரும்பிடும், பொறுங்க" என்றார்கள். பெரும்பாலும் என்ற வார்த்தை சுருக்கென்று தைத்தது. கண் நிறைந்துவிட்டது.

மனைவி உள்ளே வந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"அந்த நர்ஸ் பொண்ணு வெளியில வந்து ஒண்ணுவிடாம சொல்லிட்டா. ஊரார் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? நீங்க சொல்லுங்க."

அவர் தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

"தெரியும். சத்தம் யாருக்கு வேணும்?"

ஸ்டூலை இழுத்துப்போட்டு, காதை அவர் உதட்டருகே கொண்டுவந்தாள். அவர் முதலிலிருந்து தொடங்கினார்.